யுரேனஸ் கண்டுபிடிப்பு: லக்குல விழுந்த லட்டா, இல்ல அந்த ஆளோட உழைப்பா?

மொட்டைமாடி_மணி

பொங்கலுக்கு மச்சான் வீட்டுக்குப் போன இடத்துல ஆரம்பிச்ச சண்டை இது, இன்னும் முடியல, அதான் இங்க இழுத்துட்டு வந்திருக்கேன். 1781 மார்ச் 13 ராத்திரி வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸை கண்டுபிடிச்சாரே, அது சுத்த லக்குன்னு நான் சொல்றேன். ஆளு விஞ்ஞானியே கிடையாது. ஜெர்மனில ஹனோவர்ல பொறந்து, பட்டாளத்து பேண்டுல வாசிச்சு, இங்கிலாந்துக்கு பொழைக்க வந்து, பாத்னு ஒரு ஊர்ல சேப்பல்ல ஆர்கன் வாசிச்சுக்கிட்டு பசங்களுக்கு பாட்டு க்ளாஸ் எடுத்துக்கிட்டு இருந்தவர். ராத்திரி வீட்டுப் பின்னாடி தோட்டத்துல டெலஸ்கோப்ப வச்சு வேற எதையோ தேடிட்டு இருக்கும்போது கிரகம் வந்து மாட்டுச்சு. அதையாவது கிரகம்னு கண்டுபிடிச்சாரா, அதுவும் இல்ல, வால்நட்சத்திரம்னு எழுதி அனுப்பினார். நம்ம ஊர்ல கிணறு வெட்டப் போய் பொற்காசுப் பானை கிடைச்சா அவன புதைபொருள் ஆராய்ச்சியாளர்னு சொல்லுவோமா?

மச்சான் கேக்குறான், வெறும் லக்குன்னா அதுக்கு முன்னாடி நூறு வருஷமா டெலஸ்கோப் வச்சிருந்தவனுக்கெல்லாம் அந்த லக்கு ஏன் அடிக்கலன்னு. இதுக்கு எனக்கு பதில் தெரியல, ஆனா அவன்கிட்ட விட்டுக்கொடுக்க மனசும் இல்ல. யார் பக்கம் நியாயம்?

சனிப்பெயர்ச்சி

நியாயம் அப்புறம் இருக்கட்டும். மொதல்ல இத யோசிங்க. ஆயிரக்கணக்கான வருஷமா உலகத்துல எல்லாருக்கும் கடைசி கிரகம் சனி. பாபிலோன்காரன், கிரேக்கன், நம்ம ஆளு, எல்லாருக்கும் சனியோட கணக்கு க்ளோஸ். ஒரு பாட்டு வாத்தியார் வந்து சனிக்கு அந்தப் பக்கமும் ஒருத்தன் இருக்கான்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்.

நல்லவேளை நம்ம பஞ்சாங்கத்துல யுரேனஸ் இல்ல. சனி ஒரு சுத்து சுத்த 29 அர வருஷம், ஒரு ராசிக்கு ரெண்டர வருஷம், மூணு ராசிக்கு ஏழர. யுரேனஸ் ஒரு சுத்துக்கு 84 வருஷம், ஒரு ராசிக்கு ஏழு வருஷம், அப்போ மூணு ராசிக்கு? 21 வருஷம் ப்ரோ. ஏழரையே தாங்கல.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

மணி தம்பி, உங்க கேள்விக்கு ஹெர்ஷலே பதில் சொல்லியிருக்கார். லக்குன்னு அந்தக் காலத்துலயே ஊரெல்லாம் பேசிச்சு, அவருக்கு அது பிடிக்கல. நான் வானத்துல இருக்கிற நட்சத்திரத்தையெல்லாம் வரிசையா ஒண்ணு விடாம பாத்துக்கிட்டு வந்தேன், அன்னிக்கு ராத்திரி இதோட முறை, அன்னிக்கு ஏதாவது ஜோலி வந்து பாக்க முடியாமப் போயிருந்தா மறுநாள் ராத்திரி பாத்திருப்பேன், இதுதான் அவர் சொன்னதோட சாரம். படைச்சவன் எழுதின பெரிய புத்தகத்த பக்கம் பக்கமா படிச்சுட்டு வந்தேன், ஏழாவது கிரகம் இருந்த பக்கத்துக்கு அப்போ வந்து சேந்தேன்னும் சொல்லியிருக்கார். இதுல கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கு, இல்லன்னு சொல்லல.

ஆனா அவர் என்ன தேடிக்கிட்டு இருந்தார்ங்கிறத பாக்கணும். அவர் தேடினது இரட்டை நட்சத்திரங்கள. அது எதுக்குன்னா, பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்து போறப்போ கிட்ட இருக்கிற பனைமரம் பின்னாடி ஓடுற மாதிரியும் தூரத்து மலை நிக்கிற மாதிரியும் தெரியும் இல்லையா, அதே மாதிரி பூமி சூரியன சுத்தும்போது கிட்ட இருக்கிற நட்சத்திரம் தூரத்து நட்சத்திரத்துக்கு எதிர்ல லேசா நகர்ற மாதிரி தெரியணும். அந்த நகர்வ அளந்தா நட்சத்திரம் எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டுடலாம். இந்த யோசனைய முதல்ல சொன்னது கலிலியோ. அதுக்கு ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருக்கிற மாதிரி தெரியிற நட்சத்திர ஜோடி நிறைய வேணும். ஜோடி கண்டுபிடிக்கணும்னா ஒவ்வொரு நட்சத்திரத்தையும் உத்துப் பாத்து இது ஒண்ணா ரெண்டான்னு கேக்கணும். 1779லேர்ந்து இதான் வேலை. 1782ல அவர் கொடுத்த முதல் பட்டியல்ல 269 ஜோடி இருந்துச்சு. அப்படி ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு வந்தவர் ரிஷபத்தோட கொம்பு நுனி பக்கம், சீட்டா டாரிங்கிற நட்சத்திரத்துகிட்ட வந்தப்போ, அன்னிக்கு ராத்திரி பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல, ஒரு புள்ளி மட்டும் புள்ளியா இல்லாம கொஞ்சம் பருமனா தெரிஞ்சுது.

கிணறு வெட்டினவன்னு சொல்றீங்க. இவர் ஊர்ல இருக்கிற எல்லா வயலையும் சாண் சாணா தோண்டிக்கிட்டு வந்தவர். பானை எந்த வயல்ல இருந்தாலும் அவர் மண்வெட்டில பட்டிருக்கும்.

மொட்டைமாடி_மணி

சார், நல்லா சொன்னீங்க, ஆனா தோண்டினது மண்புழு பிடிக்கத்தானே 😄 பானை தேடலையே. தேடாதது கிடைச்சா அதுக்குப் பேரு தற்செயல் தானே?

லென்ஸ்_குமார்

நான் ஆறு இன்ச் கண்ணாடி ஒண்ணு கையால தேய்ச்சு டெலஸ்கோப் பண்ணவன்ங்கிற முறையில உள்ள வரேன். எல்லாரும் "பாத்தாரு, கிடைச்சுது"ன்னு பேசுறீங்க, எதால பாத்தாருன்னு யாருமே பேசல.

எனக்கு கடைல கண்ணாடி வட்டம் கிடைச்சுது, கார்போரண்டம் பவுடர் கிடைச்சுது, பாலிஷுக்கு சீரியம் ஆக்சைடு கிடைச்சுது, சந்தேகம் வந்தா கேக்க நாலு பேர் இருந்தாங்க, அப்படியும் மூணு மாசம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ அழுதுட்டேன். அந்த மனுஷனுக்கு கண்ணாடியே கிடையாது. செம்பும் தகரமும் உருக்கி வார்த்த உலோகத்த தேய்ச்சுத்தான் மிரர். நம்ம பக்கத்துல ஆரன்முளா கண்ணாடி இருக்குல்ல, கிட்டத்தட்ட அந்த ஜாதி வெண்கலம். தட்டினா ஒடையும், பாலிஷ் பண்ணா பளபளக்கும், கொஞ்ச நாள்ல மங்கிடும், திரும்ப பாலிஷ். காசு கொடுத்து டெலஸ்கோப் வாங்கலாம்னு பாத்திருக்கார், விலை கட்டுப்படியாகல, சின்னதா ஒண்ணு வாடகைக்கு எடுத்துப் பாத்துட்டு, அப்புறம் ஊர்ல ஒருத்தர் பொழுதுபோக்கா மிரர் பாலிஷ் பண்ணிட்டு விட்டுட்டார்னு கேள்விப்பட்டு அவரோட கருவிங்கள வாங்கி தானே ஆரம்பிச்சுட்டார்.

அன்னிக்கு வச்சிருந்தது ஏழு அடி நீளம், 6.2 இன்ச் மிரர். என்னோடத விட ஒரு நூல் பெருசு, அவ்ளோதான்! ஆனா அந்த சைஸுல அதுக்கு நிகரா வேற யார்கிட்டயும் இல்ல. மறுவருஷம் கிரீன்விச்சுக்கே தூக்கிட்டுப் போய் அரசாங்க வானியலாளர் நெவில் மாஸ்கலின் வச்சிருந்த டெலஸ்கோப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, பாட்டு வாத்தியார் வீட்ல பண்ணதுதான் ஜெயிச்சுது.

இப்போ விஷயத்துக்கு வரேன். 227 மடங்கு வச்சுத்தான் அத மொதல்ல பாத்தார். சந்தேகம் வந்ததும் ஐபீஸ மாத்தி 460 போட்டார், அப்புறம் 932 போட்டார். நட்சத்திரம்னா எவ்வளவு பெருசாக்கினாலும் புள்ளிதான், அந்தளவுக்கு பெருக்கத்துக்கு ஏத்த மாதிரி வீங்காது. இது வீங்குச்சு. பக்கத்துல இருந்த நட்சத்திரம் வீங்கல. அந்த செக்கன்ட்ல முடிஞ்சு போச்சு பாஸ், இது நட்சத்திரம் இல்ல. 932 மடங்கு போட்டா படம் கலங்காம நிக்கிற மிரர் அன்னிக்கு எத்தன பேர்கிட்ட இருந்திருக்கும்? அதான் உங்க மச்சான் கேள்விக்கு பதில்.

கீபோர்டு_மீனா

பாட்டு வாத்தியார் பாட்டு வாத்தியார்னு ஏதோ பொழப்பில்லாதவர் மாதிரி பேசாதீங்கப்பா, நானும் பாட்டு டீச்சர்தான் 😠 அவர் 24 சிம்பனி எழுதின ஆள். வானியலுக்கு வந்ததே சங்கீதம் வழியாத்தான். ராபர்ட் ஸ்மித்னு ஒருத்தர் சுருதி, ஸ்வர இடைவெளி பத்தி எழுதின கணக்கு புத்தகத்த படிச்சார், அதே ஆள் ஒளியியல் பத்தியும் எழுதியிருக்கார்னு அத எடுத்தார், அதுல டெலஸ்கோப் செய்றது எப்படின்னு இருந்துச்சு, அவ்ளோதான், ஆள் காலி. ஆர்கன் வாசிக்கிறவங்களுக்கு மணிக்கணக்கா ஒரே விஷயத்துல உக்காந்து பழகின உடம்பு, காதுல ஒரு துளி சுருதி விலகினா கண்டுபிடிக்கிற பழக்கம். அது கண்ணுக்கும் வரும்னு நான் நம்புறேன், ப்ரூஃப் கேக்காதீங்க.

அப்புறம் தங்கச்சி கரோலின். அவங்கள விட்டுட்டு இந்த கதைய பேசுறது பாவம். சின்ன வயசுல டைஃபஸ் வந்து உயரம் நாலு அடி மூணு இன்ச்சோட நின்னு போச்சு, ஹனோவர்ல அம்மாவுக்கு வேலைக்காரி மாதிரி கிடந்தாங்க, 1772ல அண்ணன் பாத் ஊருக்கு கூட்டிட்டு வந்தார். பாடகியாத்தான் தயார் பண்ணார். ஆனா வீடு கொஞ்சம் கொஞ்சமா பட்டறையா மாறிடுச்சு. கச்சேரி ட்ரெஸ்ஸ கூட மாத்தாம லேஸ் வச்ச சட்டைக் கையோட போய் வேலை செஞ்சு அதுல உருக்கின கீல் எல்லாம் தெறிச்சு நாசம் பண்ணுவாராம், அவங்களே எழுதி வச்சிருக்காங்க. மிரர் பாலிஷ் பண்றப்போ கைய எடுக்கக்கூடாதுன்னு ஒரு தடவ 16 மணி நேரம் எடுக்கவே இல்ல, இவங்க பக்கத்துல உக்காந்து சாப்பாட்ட வாயில ஊட்டி, புத்தகம் வாசிச்சுக் காட்டியிருக்காங்க. அன்னிக்கு ராத்திரியும் பக்கத்துல உக்காந்து நோட்ஸ் எழுதினது அவங்கதான்.

தேம்ஸ்கரை_தும்பி

மீனா அக்கா, மற்றதெல்லாம் சரி, கடைசி வரி மட்டும் பிழை. அண்டு இரவு கரோலின் அந்த வீட்டில இல்லை. அவையள் அப்பதான் நியூ கிங் ஸ்ட்ரீட் 19ஆம் இலக்க வீட்டுக்கு மாறினவை, கரோலின் பழைய வீட்டில, ரிவர்ஸ் ஸ்ட்ரீட்டில, தாங்கள் நடத்தின துணிக்கடையின்ர மிச்சச் சாமான்களை முடிக்க நிண்டுட்டா. அவ பக்கத்தில இருந்து எழுதிறது எண்டிறது பிறகு வந்த கதை, அதுக்குப் பிறகு எத்தினையோ வருசம் அப்பிடித்தான் இரவிரவா எழுதினவ. ஆனா அண்டைக்கு மனுசன் தனிய.

நான் அந்த வீட்டை ஒருக்கா போய்ப் பாத்தனான். இப்ப மியூசியம். போக முதல் பெரிய பங்களா எண்டு நினைச்சுக்கொண்டு போனனான், பாத்தா எங்கட கொழும்பு லேன் வீடுகள் மாதிரி ஒட்டி ஒட்டிக் கட்டின ஒடுக்கமான வீடு. பின்னால சின்னத் தோட்டம். அந்தத் தோட்டத்தில நிண்டு மேல பாத்தன், பகல், ஒண்டும் தெரியேல்லை, எண்டாலும் மயிர்க்கூச்செறிஞ்சது.

கீழ்த்தளத்தில பட்டறை இருக்கு. அங்க நிலத்துக் கல்லெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. யுரேனஸ் கண்டுபிடிச்சு ஐஞ்சு மாசத்தில, அதே 1781 ஓகஸ்ட்டில, 36 அங்குல மிரர் வார்க்கப் போய் நடந்த கூத்து அது. அச்சு செய்யிறதுக்கு குதிரைச் சாணம். கரோலின்தான் உரலில இடிச்சு அரிச்சுக் குடுத்தவ, கனக்க வேணும், முடியாத வேலை. முதல் தரம் அச்சு ஒழுகிப்போச்சு. அடுத்த தரம் உலை வெடிச்சு, உருகின உலோகம் நிலத்தில ஓட, சூட்டில கல்லுகள் பட்டாசு மாதிரி வெடிச்சு மேல பறக்க, எல்லாரும் கதவால ஓடினவை. அந்தக் கல்லுகள்தான் இப்பவும் கிடக்கு. அதைப் பாத்திட்டு வந்து ஆரும் அவருக்கு லக் எண்டு சொன்னா எனக்குக் கோவம் வரும், சொல்லிப்போட்டன்.

கீபோர்டு_மீனா

ஐயோ, நான் இத்தன வருஷமா க்ளாஸ்ல பசங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டு இருந்திருக்கேன் 🙈 நன்றி தும்பி. ஆனா கரோலின் தானா எட்டு வால்நட்சத்திரம் கண்டுபிடிச்சாங்க, 1787லேர்ந்து வருஷம் 50 பவுண்டு ராஜா சம்பளம் கொடுத்தார், அது சரிதானே?

தேம்ஸ்கரை_தும்பி

ஓம் அக்கா, அது நூறு வீதம் சரி.

மொட்டைமாடி_மணி

சரி, உழைப்ப ஒத்துக்கிறேன். ஆனா என்னோட ரெண்டாவது பாயின்ட்டுக்கு யாரும் வரல. ஆள் அத வால்நட்சத்திரம்னு நெனச்சார். கட்டுரைக்கு தலைப்பே "ஒரு வால்நட்சத்திரம் பற்றிய தகவல்"ங்கிற மாதிரிதான். வாலும் இல்ல, புகையும் இல்ல, அப்புறம் எப்படி வால்நட்சத்திரம்? கிரகம்னு சொன்னவன்தானே கிரகத்த கண்டுபிடிச்சவன்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்

இது நல்ல கேள்வி, இதுல நான் பாதி உங்க பக்கம்.

நாலு நாள் கழிச்சு 17ஆம் தேதி திரும்பத் தேடினார், இடம் மாறியிருந்துச்சு. நகருது, அப்போ வால்நட்சத்திரம்னு எழுதிட்டார். அவரக் குத்தம் சொல்ல முடியாது. வானத்துல புதுசா ஒண்ணு நகர்ந்தா அது வால்நட்சத்திரம், அதான் அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது. புதுக் கிரகம்னு ஒண்ணு கிடைக்கும்னு யாருக்கும் தோணல, ஏன்னா மனுஷன் எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து யாரும் புதுசா ஒரு கிரகத்த கண்டுபிடிச்சதே இல்ல. இதுல வேடிக்கை என்னன்னா அவர் அதோட அகலத்த அளந்துக்கிட்டே வந்தார், வர வர பெருசாகுதுன்னு அளவு வந்துச்சு, அப்போ நம்மள நோக்கி வருதுன்னு முடிவு பண்ணார். உண்மையில அந்த நாட்கள்ல பூமி அத விட்டு விலகிப் போய்க்கிட்டு இருந்துச்சு! மனசுல ஒண்ண நெனச்சுட்டு அளந்தா அளவுகோலும் அதுக்கு ஆமாம் போடும். நானும் லேப்ல பசங்க ரீடிங் எடுக்கிறத 30 வருஷம் பாத்தவன்.

கிரகமா இருக்கலாம்னு முதல்ல சந்தேகப்பட்டது கிரீன்விச் மாஸ்கலின். அவரோட டெலஸ்கோப்ல அது சாதா நட்சத்திரம் மாதிரிதான் தெரிஞ்சுது, எதுன்னே தெரியாம சுத்தியிருக்கிறத எல்லாம் குறிச்சு வச்சு, எது நகருதுன்னு பாத்துத்தான் பிடிச்சார். ஏப்ரல் 23ல ஹெர்ஷலுக்கு கடிதம் எழுதினார், இத என்னன்னு சொல்றதுன்னு தெரியல, கிட்டத்தட்ட வட்டப் பாதைல போற கிரகமா இருக்கவும் அதே அளவு வாய்ப்பு இருக்கு, வால் எதுவும் கண்ணுல படலன்னு. அப்புறம் ரஷ்யாவுல வேலை பாத்த லெக்செல்ங்கிற கணித அறிஞர் பாதைய கணக்குப் போட்டு, பூமி இருக்கிற தூரத்தப் போல கிட்டத்தட்ட 19 மடங்கு தள்ளி, வட்டமா சுத்துதுன்னு காட்டினார். சனி ஒம்பதரை மடங்கு. ஒரே ராத்திரில சூரிய குடும்பத்தோட வீடு ரெண்டு மடங்கா பெருசாயிடுச்சு.

ஆக பாத்தது ஹெர்ஷல், சந்தேகப்பட்டது மாஸ்கலின், கணக்குப் போட்டது லெக்செல். பேர் மட்டும் ஒருத்தருக்கு.

இப்போ உங்க மச்சான் கேட்டதுக்கு. அவருக்கு முன்னாடி நிறைய பேர் யுரேனஸ பாத்திருக்காங்க, அதான் கொடுமை. 1690லயே ஃபிளாம்ஸ்டீட் அத நட்சத்திரம்னு நெனச்சு 34 டாரின்னு நம்பர் போட்டு பட்டியல்ல சேத்துட்டார். டோபியாஸ் மேயர் 1756ல குறிச்சார். பிராட்லி குறிச்சார். பாரிஸ்ல லெமோனியே 1750லேர்ந்து 1769க்குள்ள பல தடவ, அதுலயும் 1769 ஜனவரில மட்டும் ஒம்பது நாள்ல ஆறு தடவ எழுதி வச்சார். பக்கத்து பக்கத்து ராத்திரி! அவங்க கருவியெல்லாம் நட்சத்திரம் எந்த இடத்துல இருக்குன்னு அளக்கிறதுக்கு, அது எப்படி இருக்குன்னு பாக்க இல்ல. வருகைப் பதிவு எடுக்கிற வாத்தியார் பையன் மூஞ்சிய பாக்காம "உள்ளேன் ஐயா" கேட்டதும் டிக் அடிக்கிற மாதிரி.

லென்ஸ்_குமார்

அந்த உதாரணம் செம சார் 👏

வாணியம்பாடி_வாசகன்

யுரேனஸ்னாலே எதையோ தேடப் போய் எதையோ பிடிக்கிறதுதான் போல. எங்க ஊர் கதை ஒண்ணு இருக்கு, இங்க நிறைய பேருக்குத் தெரியாது.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைக்கிற மாதிரி குறுக்க போகுதுன்னு கணக்கு. நட்சத்திர வெளிச்சம் மங்குறத வச்சு யுரேனஸோட காத்து மண்டலத்த ஆராயலாம்னு உலகம் பூரா தயாரா இருந்தாங்க. அமெரிக்காக்காரங்க விமானத்துலயே டெலஸ்கோப் வச்சு இந்தியப் பெருங்கடல் மேல பறந்தாங்க. இங்க நம்ம ஜவ்வாது மலைல காவலூர் வானாய்வகத்துல ஒரு மீட்டர் டெலஸ்கோப்ப வச்சுக்கிட்டு பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் உக்காந்திருந்தாங்க. கிரகம் மறைக்க வேண்டிய நேரம் வராமலேயே நட்சத்திரம் சில நொடி பொசுக்குனு மங்கி திரும்ப வந்துச்சு. என்னடா இதுன்னு யோசிச்சு, யுரேனஸுக்கு புதுசா ஒரு துணைக்கோள் இருக்குன்னு நேச்சர் பத்திரிகைல எழுதினாங்க.

துணைக்கோள் இல்ல, வளையம். விமானத்துல போனவங்களுக்கு கிரகத்துக்கு ரெண்டு பக்கமும் அதே தூரத்துல அதே மாதிரி மங்குச்சு, அத வச்சு யுரேனஸ சுத்தி வளையம் இருக்குன்னு அவங்க பிடிச்சுட்டாங்க. நம்ம ஆளுங்க பாத்ததும் அதே வளையத்தத்தான். ஹெர்ஷல் கிரகத்த பாத்துட்டு வால்நட்சத்திரம்னார், காவலூர்ல வளையத்த பாத்துட்டு நிலான்னாங்க. பாத்தது பொய்யில்லையே. சின்ன வயசுல ஸ்கூல்லேர்ந்து காவலூருக்கு கூட்டிட்டுப் போனாங்க, பெரிய டூம காட்டினாங்க, இந்தக் கதைய ஒருத்தரும் சொல்லல, பின்னாடி நானா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தூக்கமில்லாதவன்

உண்மையான லக்குன்னா எதுன்னு நான் சொல்றேன். 2016 செப்டம்பர்ல அர்ஜென்டினால ரொசாரியோ ஊர்ல விக்டர் பூசோன்னு ஒரு பூட்டு ரிப்பேர்காரர், அமெச்சூர், வீட்டு மாடில டெலஸ்கோப்புல புது கேமரா மாட்டி டெஸ்ட் பண்ணிப் பாக்குறார். தலைக்கு மேல இருக்குன்னு சும்மா ஒரு கேலக்ஸிய படம் எடுத்தார். அந்த நேரத்துலதான் அதுல ஒரு நட்சத்திரம் வெடிக்க ஆரம்பிக்குது. சூப்பர்நோவா வெடிக்கிற முதல் வெளிச்சம்! பெரிய பெரிய ஆய்வகமெல்லாம் வருஷக்கணக்கா காத்திருந்தும் அப்படி மாட்டாதது. மணி ப்ரோ, லாட்டரின்னா இது. ஹெர்ஷலோடது லாட்டரி இல்ல, எல்லா டிக்கெட்டையும் அவரே வாங்கிட்டார்.

சனிப்பெயர்ச்சி

எல்லா டிக்கெட்டையும் வாங்கிட்டார் 😂😂 மணி அண்ணே, மச்சானுக்கு போன் போட்டு சரண்டர் ஆயிடுங்க.

பேர் வச்ச கதைய யாரும் சொல்லல பாருங்க. நம்மாளு ராஜா மூணாம் ஜார்ஜ் பேர்ல ஜார்ஜோட நட்சத்திரம்னு வச்சுட்டார். ஐஸ் வைக்கிறதுலயும் கில்லாடி. அந்த நேரம் ராஜாவுக்கு அமெரிக்கா கையவிட்டுப் போயிட்டிருக்கு, போன நாட்டுக்குப் பதிலா ஒரு கிரகம்! வருஷம் 200 பவுண்டு கொடுத்து அரண்மனை பக்கத்துல குடிவச்சார். ஆனா மத்த நாட்டுக்காரன் எவன் ஒத்துக்குவான், பிரெஞ்சுக்காரன் ஹெர்ஷல்னே கூப்பிட்டான். பெர்லின்ல போடேன்னு ஒருத்தர், சனியோட அப்பா பேர் கிரேக்க புராணத்துல யுரேனஸ், அதையே வைப்போம்னார். இங்கிலாந்து பஞ்சாங்கத்துல 1850 வரைக்கும் ஜார்ஜ் பேர்தான். அது மட்டும் நின்னிருந்தா இன்னிக்கு புதன் சுக்கிரன் பூமி செவ்வாய் வியாழன் சனி ஜார்ஜ்னு பசங்க ஒப்பிச்சிருக்கும்.

தேம்ஸ்கரை_தும்பி

200 பவுண்டு எண்டிறது பாட்டுப் படிப்பிச்சு உழைச்சதிலயும் பாதிதான். அதுக்குப் பிறகு டெலஸ்கோப் செய்து வித்துத்தான் சமாளிச்சவர். இன்னொண்டு, முதல் முதல் பத்திரிகையள் அவற்ற பேரையே சரியா எழுதேல்லை, மெர்ஸ்தெல் எண்டொருவன், ஹெர்தெல் எண்டொருவன், ஹெர்ம்ஸ்டெல் எண்டொருவன். ஆரெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட பேரை இங்க ஒபிசில எழுதிற மாதிரித்தான்.

கீபோர்டு_மீனா

1822ல 83 வயசுல போய்ச் சேந்தார், இன்னும் மூணு மாசம் இருந்திருந்தா 84. யுரேனஸ் ஒரு சுத்து சுத்துற நேரம். சதாபிஷேகம் தாண்டியாச்சு, யுரேனஸ் வருஷம் ஒண்ணு முடியிறதுக்குள்ள கிளம்பிட்டார்.

மொட்டைமாடி_மணி

சரி சரி, மச்சான்கிட்ட பாதி சரண்டர். அந்த ராத்திரி தற்செயல், ஆனா கிடைச்சது தற்செயல் இல்ல, இதுக்கு மேல இறங்க மாட்டேன். இத்தன பேசியாச்சு, இப்போ எனக்கு அத பாக்கணும் போல இருக்கு. மச்சான்கிட்ட ஒரு பைனாகுலர் இருக்கு, அதுல தெரியுமா? எங்க பாக்கணும்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தாராளமா தெரியும். இப்போ, இந்த 2026 ஜனவரில, ரிஷபத்துலதான் இருக்கு. இருட்டினதும் ஏழு மணி வாக்குல மொட்டைமாடில பாய் போட்டு மல்லாந்து படுங்க, கிட்டத்தட்ட நேர் மேல கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் குட்டியா கொத்தா தெரியும். அதுக்கு நாலு நாலரை டிகிரி தெற்க, பைனாகுலர்ல மூணு புள்ளி பக்கத்துல பக்கத்துல இருக்கும். ரெண்டு நட்சத்திரம், 13 டாரி, 14 டாரி. ஒண்ணு யுரேனஸ். வெளிச்சம் மூணுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன். மூணையும் நோட்டுல வரைஞ்சு வைங்க, நாலு நாள் கழிச்சு திரும்ப வரைங்க. ஹெர்ஷலும் நாலு நாள்தான் காத்திருந்தார். வர்ற ஞாயிறு தை அமாவாசை, நல்ல இருட்டு, ஆரம்பிங்க.

மொட்டைமாடி_மணி

அமாவாசை அன்னிக்கு வரைஞ்சேன், மூணு புள்ளியும் கிடைச்சுது, சந்தோஷம் தாங்கல. இன்னிக்கு நாலாவது நாள். கொசுக்கடில அரை மணி நேரம் படுத்து திரும்ப வரைஞ்சேன். சார், மூணும் அப்படியே இருக்கு. ஒண்ணு கூட நகரல. பேப்பர் மேல பேப்பர் வச்சு வெளிச்சத்துல பாத்துட்டேன். மூணுமே நட்சத்திரமா? மச்சான் சிரிக்கிறான்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தம்பி, மன்னிக்கணும், வேணும்னுதான் சொல்லாம விட்டேன். பிப்ரவரி முதல் வாரத்துல யுரேனஸ் நின்னு திரும்பப் போகுது. பூமி அத ஓவர்டேக் பண்ணிட்டு தாண்டிப் போறதால நமக்கு அது பின்னாடி போற மாதிரி தெரிஞ்சு, அப்புறம் நின்னு, முன்னாடி போற மாதிரி தெரியும். நிக்கப் போற நேரத்துல நாலு நாள்ல உங்க பென்சில் புள்ளி அகலம் கூட நகர்ந்திருக்காது. 1769 ஜனவரில லெமோனியே ஆறு தடவ பாத்துட்டு கோட்டை விட்டது இதே மாதிரி நிக்கிற நேரத்துலதான்.

சனிப்பெயர்ச்சி

வக்ர நிவர்த்தின்னு ஒரே வார்த்தைல சொல்லுங்க சார், எங்களுக்கெல்லாம் உடனே புரியும்.

மொட்டைமாடி_மணி

சார்!!! என்னைய வச்சு லெமோனியே விளையாட்டு விளையாடிட்டீங்களே 😭 நாலு நாள் கொசுக்கு ரத்தம் கொடுத்திருக்கேன். இனிமே அந்த ஆள கேவலமா பேசவே மாட்டேன்.

லென்ஸ்_குமார்

மணி, நீங்க எந்த ஊரு? ப்ரொஃபைல்ல போட்டிருக்கிறது நிஜம்னா என் வீட்டுக்கு அரை மணி நேரம்தான். சனிக்கிழமை வாங்க, ஆறு இன்ச்ச மாடில தூக்கி வைக்கிறேன். மொதல்ல 60 மடங்கு போடுவோம், அப்புறம் 200 போடுவோம். மூணுல எது வீங்குதோ அதான். பச்சையும் நீலமும் கலந்த மாதிரி சின்ன வட்டம் தெரியும். காத்து கலங்காம இருந்தா.

மொட்டைமாடி_மணி

வரேன். மச்சானையும் கூட்டிட்டு வரேன், அவன் பையன் ஆறாவது படிக்கிறான், அவனும் வரணும்னு நிக்கிறான். அவன் உயரத்துக்கு எட்டுமா, இல்ல ஒரு முக்காலி எடுத்துட்டு வரவா?